ஊசியும் பத்தியமும்

மன்னார்க் கடலில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில் அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய கரைகளிலே சில நாட்களுக்குள் ஒரு நகரமே எழுந்துவிடும். கிடுகாலும் கம்பாலும் ஆன அந்த நகரத்திற் சம்மாட்டிகளும் சுழியோடிகளும் செட்டிமாரும் சோனகரும் அரபு நாட்டாரும் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள். சலாபம் முடிந்ததும் அந்நகரம் இருந்த இடத்தில் மணலும் சிப்பியோடுமே எஞ்சும். இத்துணைப் பெரிய கூட்டத்தைக் காக்கவேண்டியிருந்த பிரித்தானிய அரசாங்கம் இரண்டு பகைகளையே பெரிதாக எண்ணிற்று. ஒன்று கடலிலிருந்து வரும் சுறா. மற்றது கரையிலே பரவும் வாந்திபேதி. சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடற்கட்டி என்னும் மந்திரக்காரர் இருந்தார். துரைமார் தமக்குள்ளே நகைத்துக்கொண்டாலும் அவரை விலக்கத் துணியவில்லை. கடற்கட்டி கரையில் இல்லையென்றாற் சுழியோடி கடலில் இறங்கமாட்டான். வாந்திபேதிக்கு வைத்தியரும் தடுப்புக் கொட்டில்களும் இருந்தன.

மூன்றாவது பகையொன்றும் இருந்தது. அதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. 1803 ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ரொபேட் பேர்சிவல் என்னும் படைவீரர், நீரிலிருந்து மேலே வந்த சுழியோடிகளின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வடிவதையும் பலவேளைகளில் இரத்தமே வருவதையும் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் அதே நாளில் அவர்கள் மீண்டும் மீண்டும் மூழ்கினார்கள். கல்லைக் காலிற் கொண்டு ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குபவனுடைய செவிப்பறையின்மேல் நீரின் பாரம் அழுத்துகிறது. சுமார் பத்து மீற்றர் ஆழத்தில் அவ்வழுத்தம் நிலத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகும். ஒருமுறை கிழிந்த பறை ஆறலாம். ஆண்டுக்காண்டு கிழிந்து, சீழ்கொண்டு, மீண்டும் கிழிந்த பறை கேட்குந் திறனை இழக்கும். சுறா கடித்த செய்தி அன்றைக்கே கரையெங்கும் பரவிவிடும். செவி மந்தமாகும் செய்தியைப் பரப்புவார் யார்? இருபதாண்டுகளிலே சிறிது சிறிதாக நிகழ்வது அது. முதுமை வந்ததனால் என்று வீட்டார் நினைத்திருப்பர். அவனும் அப்படியே நினைத்திருப்பான்.

நோய்களுள் விருந்தாளிபோல வந்து போவனவும் உண்டு. வீட்டில் ஒருவராகத் தங்கிவிடுவனவும் உண்டு. வந்து போவதற்கே வரலாறு எழுதப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் தலைமன்னார், பேசாலைக் கரைகளில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த பாதையில் வாந்திபேதியால் இறந்ததைப் பலர் எழுதியுள்ளனர். தங்கிவிட்ட நோய்களைப் பற்றி எழுதியவர் குறைவு. அவற்றுள் ஒன்றன் கதையையே இன்று முதலிற் சொல்ல விரும்புகிறேன். அந்த நோய் இன்று நம்மிடையே இல்லை. அது நம் மனத்தில் விட்டுச்சென்ற பழக்கமோ இன்னும் இருக்கிறது.

பறங்கி நோய் என்பது அதன் பெயர். வன்னியிலும் அதனையடுத்த மன்னார்ப் பெருநிலத்துக் காட்டூர்களிலும் அது குடிகொண்டிருந்தது. பறங்கி என்ற சொல் போர்த்துக்கேயரைக் குறிக்கும். அவர்கள் 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தார்கள். நோயையும் அவர்களே கொண்டுவந்தார்கள் என்று பெயரை வைத்துத் துணிந்துவிடல் ஆகாது. அருவருப்பான நோய்க்கு அயலாரின் பெயரை இடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மேகநோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர்; பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்சு நோய் என்றனர். வெப்ப நாடுகளின் பறங்கி நோய் போர்த்துக்கேயரின் கப்பல்களுக்கு மிக முற்பட்டதென்பதே அறிஞர் கருத்து. மருந்தின் வகையிலோ அவர்களுக்குப் பங்குண்டு. நம் பரியாரிமார் இந்நோய்க்குக் கொடுத்த பறங்கிப்பட்டை சீன நாட்டுக் கிழங்கு. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய வைத்தியர் 1563 இல் வெளியிட்ட நூலில் அக்கிழங்கைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். பெயர் சொல்லும் வரலாறு நோயைவிட மருந்துக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

இந்நோய் பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கே முதலில் வரும். புண்ணுள்ள தோல் மற்றொரு பிள்ளையின் சிராய்ப்பிற் படுவதே அதற்குப் போதும். ஒழுக்கக் கேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதலில் ஒரு தாய்ப்புண், பின்னர் உடலெங்கும் பல புண்கள், பின்னர் ஆறுதல். நோய் போய்விட்டதென்று வீட்டார் மகிழ்வர். சில ஆண்டுகள் கழித்து அது எலும்பிலும் உள்ளங்காலிலும் முகத்திலும் தோன்றும். கால் எலும்பு வளையும். உள்ளங்கால் வெடித்து நடக்க முடியாமற் போகும். சிலருக்கு மூக்கே அழியும். வயல் விதைக்கவும் குளக்கட்டு மண் சுமக்கவும் வேண்டிய வயதில் மனிதர் திண்ணையில் முடங்கினர்.

1881 இல் இலங்கையின் தலைமைக் குடியியல் வைத்திய அதிகாரியான கின்சி இதனைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அக்காலத்து உத்தியோகத்தர் பலர், கெட்ட நீரும் போதாத உணவுமே இதற்குக் காரணம் என்று நம்பினார்கள். குளங்களைத் திருத்தினால் நோய் குறையுமென்றும் வாதிட்டனர். காரணத்தை அவர்கள் தவறாகவே கண்டனர். எனினும் நல்ல நீரில் அடிக்கடி குளிக்கவும் வயிறார உண்ணவும் வழிபிறந்த ஊரில் தோல்நோய் தணிந்திருக்குமென்பதில் வியப்பில்லை. தவறான காரணம் சிலவேளை சரியான குளத்தைத் திருத்திவிடுகிறது.

உண்மைக் காரணம் கொழும்பிலேயே கண்டறியப்பட்டது. 1905 இல் அங்கே பற்றீரிய ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலியர், பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரில் திருகாணிபோற் சுருண்ட நுண்ணுயிரைக் கண்டார். அதே ஆண்டில் ஜேர்மனியில் மேகநோயின் கிருமியும் காணப்பட்டது. இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. 1910 இல் ஏர்லிக் என்பவரின் சால்வர்சான் என்னும் பாஷாண ஊசிமருந்து வெளிவந்தது. மேகநோய்க்கென்று செய்த அம்மருந்து பறங்கியை இன்னும் விரைவாகப் போக்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெனிசிலின் வந்தது. அதன்பின் ஒரே ஊசி போதுமாயிற்று. 1952 முதல் 1964 வரை உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 46 நாடுகளில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இம்முறையிற் சிகிச்சை அளித்தன. இலங்கையிலும் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு பறங்கி மறைந்தது. இந்தியாவிலிருந்தும் அது நீங்கிவிட்டதை 2016 இல் அந்நிறுவனம் உறுதிசெய்தது.

தலைமுறை தலைமுறையாகப் பத்தியம் காத்தும் தீராத புண், ஒரே ஊசியில் ஒரு வாரத்துக்குள் உலர்ந்து விழுவதைக் கண்ட மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டால் தீரும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. பறங்கி இருந்த நாடுகளிலெல்லாம் இதுவே நடந்தது. மேலைநாட்டு வைத்தியத்தின்மீது கிராம மக்கள் கொண்ட அன்புக்கு இந்த ஊசியே முதற்காரணம் என்பாருமுளர். அந்நம்பிக்கை மூடநம்பிக்கையன்று. கண்ணாற் கண்ட உண்மை. ஆனால் ஒரு நோய் கற்பித்த பாடத்தை வேறொரு நோய்க்குப் பொருத்தியதிலேதான் வில்லங்கம் தொடங்கிற்று.

மன்னாருக்கு இரண்டாவது பாடமும் கிடைத்திருந்தது. அதனை நாம் நன்றாகப் படிக்கவில்லை. அது மலேரியா. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோயை எல்லோரும் அறிவர். உலர்வலயத்தில் அது ஆண்டுதோறும் உள்ள விடயம். மழை முடிந்ததும் காய்ச்சல் வரும், போகும், மீண்டும் வரும். பிள்ளைகளின் இடப்புற விலாவின் கீழே மண்ணீரல் வீங்கிக் கையிலே தட்டுப்படும். காய்ச்சற்கட்டி என்று அதனைச் சொல்வார்கள். போருக்குப் பின் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1963 இல் முழு நாட்டிலும் 17 பேருக்கே நோய் காணப்பட்டது. எல்லாம் முடிந்ததென்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1969 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

இங்கே ஓர் அரசாங்கம் செய்த பிழையையே இன்று ஒவ்வொரு வீட்டிலும் நாம் செய்து வருகிறோம். அறிகுறி மறைந்ததை நோய் மறைந்ததாகக் கொள்ளும் பிழை அது.

இன்றைய மன்னாரில் வீட்டோடு தங்கியிருப்பன பறங்கியும் மலேரியாவும் அல்ல. நம்மவர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் சொல்லும் நீரிழிவும், பிரசர் எனப்படும் உயர் குருதி அமுக்கமும், இவற்றால் வரும் இருதய நோய், பாரிசவாதம், சிறுநீரக நோய் ஆகியனவுமே. இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்துக்கு எட்டுக்கு மேற்பட்டவை தொற்றாத நோய்களால் வருவன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன்பின் அப்பங்கு இன்னும் வளர்ந்திருக்கிறது. காய்ச்சலிலும் பேதியிலும் இளமையில் இறந்திருக்கக்கூடியவர்கள் வாழ்ந்து முதிர்ந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். ஆகையால் இந்நோய்களின் பெருக்கத்தில் ஒரு பகுதி நம் வெற்றியின் விலை எனலாம். ஒரு பகுதி மட்டுமே. மீதி நம் உணவிலும் உழைப்பிலும் ஏற்பட்ட மாற்றத்தால் வந்தது. துடுப்பும் பாயும் இருந்த வள்ளத்தில் இயந்திரம் ஏறிற்று. கால்நடையாகச் சென்ற வழியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. குரக்கனும் ஒடியலும் இருந்த இடத்திற் தீட்டிய வெள்ளரிசியும் கோதுமை மாவும் வந்தன. கருவாடு மட்டும் மாறவில்லை. உடல் உப்பு வியர்த்து உழைத்த காலத்துக் கருவாட்டை, கதிரையில் இருந்துகொண்டு உண்கிறோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் ஆகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது ஒரு தேக்கரண்டி அளவு. கிணற்று நீர் உவராக உள்ள இடங்களில் அந்த உப்பும் இக்கணக்கிற் சேரும்.

இவ்விரு நோய்களின் கொடுமை, அவை நோவு தராமையே. குருதி அமுக்கம் 140 க்கு 90 என்ற அளவைக் கடந்து நிற்கும்போதும் பெரும்பாலோர்க்குத் தலையிடி கூட இராது. இரத்தம் மிகுந்த அமுக்கத்தோடு ஓயாது மோதும்போது இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து விறைக்கும். ஒருநாள் மூளையிலே ஒன்று அடைபடும், அல்லது வெடிக்கும். நீரிழிவிலோ, உண்ட உணவிலிருந்து வந்த சீனி உடற்கலங்களுக்குள்ளே புகாமல் இரத்தத்திலே தேங்குகிறது. அதனை உள்ளே செலுத்தும் இன்சுலின் சிலருக்குச் சுரப்பதேயில்லை. வயது வந்தபின் நோயுறும் பெரும்பாலோர்க்கு அது சுரந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்திற் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறை பார்த்தபோதும் அவ்வாறே இருந்தால் அது நீரிழிவு. தேங்கிய சீனி கண்ணின் உள்திரையையும் சிறுநீரகத்தையும் காலின் நரம்புகளையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கிறது. சுழியோடியின் செவியை நீர் அரித்தது போலவே இதுவும் ஓசையின்றி நடக்கிறது.

கரையோர மக்களுக்குக் காலைப் பற்றியே தனியாகச் சொல்லவேண்டும். கரைவலை இழுப்பவர் வெறுங்காலோடு மணலில் நிற்கிறார். பங்குனி சித்திரை வெயிலில் அந்த மணல் எப்படிச் சுடும் என்பதை அறிவீர்கள். சுடவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருடைய காலுக்கு உறுதி வந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள், நரம்பு செத்திருக்கலாம். சிப்பியோடு வெட்டியதும், முள் ஏறியதும், மணல் சுட்டுக் கொப்புளித்ததும் அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் வீட்டார் நாற்றத்தால் அறிவர். இரவில் கால் கழுவித் துடைத்து, விளக்கொளியில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். குனிந்து பார்க்க முடியாத முதியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

நம் பழைய வைத்தியர் இந்நோயை அறியாதவரல்லர். எறும்பு மொய்க்கும் சிறுநீரை அவர்கள் கண்டிருந்தார்கள். மேகம் இருபது என்று வகுத்தார்கள். நீரிழிவு முற்றிய நிலையிற் பிளவை தோன்றும் என்பதையும் சொன்னார்கள். யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த பரராசசேகரம் என்னும் வைத்திய நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். ஈழத்து வைத்தியம் எவ்வளவு விரிந்ததென்பதை அதில் காணலாம். அவ்வைத்தியத்தின் உயிர் மருந்தில் மட்டும் இருந்ததில்லை. பத்தியத்தில் இருந்தது. இன்ன உணவு ஆகும், இன்னது ஆகாது, இன்ன நேரத்தில் உறங்கு, இன்ன அளவு நட என்று நோயாளன் தன் நாளையே ஒழுங்குபடுத்திக்கொள்வது பத்தியம். பறங்கிக்கு அது பயன்படவில்லை. கிருமி பத்தியத்துக்கு அஞ்சாது. நீரிழிவுக்கும் பிரசருக்கும் அதுவே பாதி மருந்து. ஊசியின் வெற்றியைக் கண்டு நாம் பத்தியத்தைக் கைவிட்டோம். பத்தியம் மிகவும் வேண்டியிருந்த நோய் அதன் பின்னரே நம் வீட்டுக்குள் பெருகிற்று.

இதனைக் கேட்டுப் பரியாரியார் தரும் சூரணத்தோடு நின்றுவிடலாம் என்று எவரும் எண்ணற்க. இன்சுலின் சுரக்காத பிள்ளைக்குப் பத்தியம் மட்டும் கொடுத்தால் அது சாகும். 1922 இல் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரத்தில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரைக்கும் உலகெங்கும் அப்படித்தான் செத்தார்கள். பத்தியமும் வேண்டும், குளிசையும் வேண்டும். இரண்டும் நாள்தோறும் வேண்டும். குளிசையைத் தொடங்கி இரண்டு மாதத்தில் அளவு சரியானதைக் கண்டு, வருத்தம் சுகமாகிவிட்டதென்று நிறுத்துபவர் எத்தனை பேர்! அளவு சரியாக நிற்பது குளிசை வேலை செய்வதனால். 1963 இல் 17 பேர் என்ற கணக்கைப் பார்த்துத் தெளிப்பை நிறுத்தியவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

ஆயின் எல்லாக் குற்றத்தையும் நோயாளன் தலையிற் சுமத்துதல் முறையன்று. நாள்தோறும் மருந்து உண்ண வேண்டுமானால் மருந்து நாள்தோறும் கிடைக்கவேண்டும். 1990 இல் போர் மூண்டபோது தலைமன்னார்ப் புகைவண்டி நின்றது. மீண்டும் ஓடியது 2015 இல். அதே 1990 இன் ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி முதலிய இடங்களின் முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் நோக்கிச் சென்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் மடுவிலும் கடலுக்கப்பால் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமிலும் அடைக்கலம் தேடின. ஓடும் மக்களிடையே காய்ச்சலையும் பேதியையும் எண்ணுவது எளிது. தடைப்பட்ட குளிசைகளை எண்ணியவர் எவருமிலர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டபோது, தென்னிலங்கை மக்களும் அந்த அவதியைச் சிறிது சுவைத்தார்கள்.

மலேரியாவை நாம் வென்றுவிட்டோம். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் தந்தது. சில மாதங்களுக்குள்ளே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதிய வகை மலேரியா நுளம்பு ஒன்று இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. காணப்பட்ட இடம் மன்னார்த் தீவு. அன்றுதொட்டு அங்கே கிணறுகளை ஓயாது பார்த்துவருகிறார்கள். நோய் இல்லாத ஊரிலும் பார்க்கிறார்கள். அதுவே அரசாங்கம் கற்றுக்கொண்ட பத்தியம்.

முதுமையில் வரும் எல்லாமே தீராதவையல்ல என்பதையும் மறத்தலாகாது. கடல் வெயிலில் ஐம்பது ஆண்டு உழைத்த கண்ணில் புரை விழுந்தால், அதனை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துவது இன்று சிறிய சத்திரசிகிச்சையே. இலண்டனில் 1949 இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட இது நம் அரசாங்க வைத்தியசாலைகளிலும் நடைபெறுகிறது. வயது போனாற் கண் மங்குவது இயல்பென்று மூலையில் இருக்கும் பாட்டிமார் பலர் மீண்டும் ஊசி கோக்கலாம். எது தீரும், எது தீராது, எதனைத் தணித்து வைக்கலாம் என்று கேட்டறிவதற்கே கிளினிக் நாள் இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்களில், நோயில்லை என்று நினைப்பவர்களுக்கும் நிறையும் அமுக்கமும் சீனியும் பார்த்துச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் எவரும் போகலாம், செலவு ஒன்றுமில்லை.

கடலுக்குப் போகும் நேயர்களுக்கு ஒன்று. இன்சுலின் ஏற்றுபவர் இரவுத் தொழிலுக்குச் செல்லும்போது, மருந்து கெட்டுவிடுமென்று அஞ்சி மீன் வைக்கும் ஐஸ்பெட்டிக்குள் அதனைப் போட்டுவிடுவதுண்டு. உறைந்த இன்சுலின் பயனற்றது. உருகியபின் தெளிவாகத் தோன்றினாலும் அதனை ஏற்றக்கூடாது. வெயில் படும் இடத்திலும் அது கெடும். திறக்காத புட்டியைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வைக்கவேண்டும், உறைபெட்டியில் வைத்தலாகாது. பாவிக்கத் தொடங்கியதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, பெரும்பாலானவற்றை நான்கு கிழமைக்குள் முடிக்கவேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையிலே மணலை நிரப்பி, மணலுக்கு நீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். மன்னாரில் மணலுக்குப் பஞ்சமில்லை.